நீடாமங்கலம் கேட்

கேட் போட்டுவிட்டார்கள்.
நீடாமங்கலத்தில் அது செய்தியே இல்லை.
முன்னால் நெல்மூட்டை லாரி,
பின்னால் ஆத்தூரிலிருந்து வந்த
அறுவடை மெஷினைச் சுமந்த லாரி,
நடுவில் நாலு சக்கரத்தில் எங்கள் வீடு.

பழைய டெம்போ வேன். சீட்டைப் பிடுங்கிக்
கட்டில் போட்டு, அடுப்பு வைத்து,
அடுப்புக்கடியில் ஒட்டுப்பலகைப் பெட்டி செய்து
அஞ்சு கிலோ சிலிண்டரை அதில் உட்கார்த்தியவர்
கலியமூர்த்தி, என் வீட்டுக்காரர்.
கும்பகோணம் பட்டறையில் சொன்னார்கள்,
‘பெட்டிக்கு அடியில ஓட்டை போடுங்க சார்,
கேஸ் காத்தைவிடக் கனம், கீழதான் இறங்கும்.’
‘ஓட்டை போட்டா எலி வரும்’ என்றார் இவர்.
அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கோடியக்கரைக்குப் பூநாரை வந்திருக்கிறதாம்,
அதைப் பார்க்கத்தான் புறப்பட்டோம்.

கோரையாற்றில் ஏதோ செத்து மிதக்கிறதென்றுதான்
முதலில் நினைத்தேன்.
விழுந்த சீப்பை எடுக்கக் குனிந்தபோது தெரிந்தது.
இடுப்புக்கு மேலே தை மாதக் காற்று,
கணுக்காலில் வேறொன்று.
மடை உடைந்தது தெரியாமல்
ராத்திரியெல்லாம் நிரம்பிய வயல் மாதிரி
கட்டிலுக்கடியில் தளும்பிக்கொண்டிருந்தது.

அந்த நாற்றம்கூட அதனுடையதில்லை.
பிறவியில் அதற்கு வாசமே கிடையாது.
சத்தமில்லாமல் வேலி தாண்டும் மாட்டுக்கு
யாரோ கட்டிவிட்ட மணி அது.

ஏசி போட்டால் போய்விடும் என்று
அவர் கை சாவிக்குப் போனது.
‘தொடாதீங்க.’
பதினெட்டு வருஷத்தில்
அந்தக் குரலில் நான் பேசியதில்லை.
சாவி, லைட்டு, ஃபேன், எதுவும் வேண்டாம்,
கதவைத் திறந்துவிட்டு இறங்குங்க.
முன் லாரி கிளீனர் பீடிக்குக் குச்சி உரசப் போனான்.
நான் போட்ட சத்தத்தில்
பீடி, குச்சி, பெட்டி மூன்றும் மண்ணில்.

மெஷின் லாரியிலிருந்து செங்கோடன் வந்தான்.
அவர்களும் லாரியிலேயே பொங்கித் தின்று
அதிலேயே தூங்குகிறவர்கள், இரண்டு மாதமாய்.
ஒருமுறை மூக்கை உறிஞ்சினான்.
வால்வை மூடி, சிலிண்டரைத் தூக்கிப்போய்
அறுத்த வயலில் தனியே வைத்தான்,
அம்மை கண்ட பிள்ளையைக் கிடத்துவதுபோல.

‘ஷாம்பு இருக்குதாக்கா?’
ஒரு ரூபாய்ப் பாக்கெட்டை நுரைத்துத் தடவி
வால்வைக் கடுகளவு திறந்தான்.
டியூப் சும்மா இருந்தது. கழுத்தும் சும்மா இருந்தது.
ரெகுலேட்டர் முதுகில் ஒரு ஊசித்துளை,
அதில் ஒரு குமிழி:
கொண்டைக்கடலை, நெல்லிக்காய், எலுமிச்சை.
உடைந்தது.
மறுபடி கொண்டைக்கடலை.
‘உள்ள ரப்பர் வெடிச்சிருக்குது.
தீக்குச்சி வச்சுப் பாக்கறவனும் இருக்கறான்.
எங்கூட்ல ஒருத்தன், போன வருசம்…’
முடிக்காமல் வால்வைத் திருகினான்.

கேட் தூக்கினார்கள்.
ஹார்ன், ஊர் முழுக்க ஹார்ன்.
வேன் தரையில் அது இன்னும் படுத்திருந்தது.
ஸ்டார்ட் பண்ணக் கூடாதென்று
செங்கோடன் கையை விரித்து நின்றான்.
மன்னார்குடி பஸ் டிரைவர் என் அம்மாவை இழுத்துத் திட்டினார்.
விஷயம் கேட்டு இறங்கி வந்து
திட்டிக்கொண்டே அவரும் தள்ளினார்.
எட்டுப் பேர் தள்ளி
இடதுபுறக் களத்தில் வண்டியை ஏற்றியபோது
கேட் மறுபடி விழுந்தது.

கதவெல்லாம் திறந்துபோட்டு
பாயை எடுத்து, பதர் தூற்றுகிறமாதிரி
தரையிலிருந்து வெளியே விசிறினோம்,
கண்ணுக்குத் தெரியாத ஒன்றை
ஒரு மணி நேரம்.

மன்னார்குடியில் புது ரெகுலேட்டர், புது டியூப்.
பெட்டிக்கடியில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஓட்டை.
கலியமூர்த்தி குனிந்து அதன் வழியே
தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எதுவும் சொல்லவில்லை.

பூநாரை தூரத்தில்தான், ஒரு வெள்ளைக்கோடாக.
அன்று ராத்திரி பெட்டிக்குள் சரசரவென்று சத்தம்.
டார்ச்சைத் தொடாமல்
முதலில் மூக்கால் பார்த்தேன்.
உப்பு. சேறு. அவ்வளவுதான்.
‘எலி’ என்றார் இருட்டில்,
கேஸில் ஜெயித்தவர் குரலில்.
‘வந்துட்டுப் போகட்டும்’ என்று
திரும்பிப் படுத்தேன்.