மைதாப் பசை

சார்ட் பேப்பர் பத்து ரூபாய், படத்தாள் ஐந்து.
'அழிந்துபோன உயிரினங்கள்' என்று எழுதியது ஜெசிந்தா,
வெட்டி ஒட்டியது நான்.
பசை டப்பா காய்ந்து கிடந்ததால்
ஒரு கரண்டி மைதாவை வெந்நீரில் கிண்டி
நட்டநடுவில் டோடோவை அப்பினோம்.
பறக்காதாம். ஓடாதாம்.
கப்பலிலிருந்து இறங்கியவர்களை
கிட்டே வந்து வேடிக்கை பார்த்ததாம்.
"லூசாம்மா அது?"
"ஆளைப் பாத்ததில்ல, பாவம்."

ராத்திரி இரண்டரைக்கு
கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் பெட்டி கோக்கும் சத்தம்.
அதற்கும் அடியில் இன்னொன்று,
கரகரவென்று, அவசரமே இல்லாமல்.

எங்கள் வீட்டுப் பெருச்சாளியை
மூன்று வருஷமாகத் தெரியும்.
அதுவேதானா, அதன் பேத்தியா, கேட்டதில்லை.
கால்வாய்ப் பக்க ஓட்டையை
கண்ணாடித் தூளும் சிமெண்டும் போட்டு அடைத்தேன்.
ஒரு சாண் தள்ளி வேறு வாசல் வைத்துக்கொண்டது.
கருவாட்டுத் தலை செருகிய பொறியை
மூன்று நாள் சுற்றிச் சுற்றிப் போனது,
நான்காம் நாள் அதன்மேல் புழுக்கை போட்டுவிட்டுப் போனது.
புயல் மழைக்கு நாங்கள்
பள்ளிக்கூட மாடியில் பொட்டலச் சோறு தின்றபோது
அதுவும் வந்திருந்தது,
பரிமளா அக்கா தூக்கிவந்த
தையல் மெஷின் மூடிக்குள்.

விடிந்து பார்த்தால்
கம்பளி யானை அப்படியே நிற்கிறது.
டோடோ இருந்த இடத்தில் மட்டும்
ஓரமெல்லாம் பல் பதிந்த பெரிய ஓட்டை,
ஓட்டைக்குள் எங்கள் சுவரின் பச்சை.
மிச்சம் ஒரே ஒரு மஞ்சள் கால்.

கப்பலோடு வந்த எலிகள்
முட்டைகளையும் விடவில்லை என்று
படத்தாளின் பின்பக்கம் போட்டிருந்தது.
இதற்கு வேண்டியிருந்தது மைதாதான்.
பறவை நடுவில் இருந்தது, அவ்வளவே.

ஜெசிந்தா அழவில்லை.
ஸ்கெட்ச் பேனாவால் ஓட்டைக்குக் கீழே எழுதினாள்:
'டோடோ. இப்போது இல்லை.'
மிஸ் பத்துக்கு ஒன்பது போட்டார்களாம்.

அன்று மத்தியானம்
டேப் பிடித்தபடி இரண்டு பேர் தெருவுக்குள் வந்தார்கள்.
கதவில் நீலப் பெயிண்டில் 117 என்று எழுதினார்கள்.
எதற்கென்று சொல்லவில்லை,
நன்றாகச் சிரித்தார்கள்.
நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.
அக்கா வீட்டில் பால் கடன் வாங்கி டீ வைத்தேன்.
பெயரை எப்படி எழுதுகிறார்களென்று
கிட்டே போய் நின்று
வேடிக்கை பார்த்தேன்.

தரைக்கு அடியில்
கரகர.
பகலில் அது தோண்டி
நான் கேட்டதே இல்லை.