நாலு விரல் தபால்காரன்

பர்னபியில் ஒரு பழைய கிடங்கின் மூன்றாம் மாடி.
வெளியே பதினோராவது நாளாக மழை.
திரைச்சீலை இழுத்த இருட்டில்
ஒரு மனிதனின் சுண்டுவிரலை அழித்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்குத்தான் சம்பளம்.

கார்ட்டூனில் அந்தத் தபால்காரனுக்குக்
கட்டைவிரலோடு சேர்த்து நாலு.
வரைந்தவர்களுக்கு நேரமில்லை, காசில்லை;
விரல் ஒன்று குறைந்தால் நாள் ஒன்று மிச்சம்.
அந்தக் கஞ்சத்தனம் அறுபது வருடத்தில்
மரபாகிவிட்டது.
இப்போது ரத்தமும் சதையுமாய்
ஒரு நடிகனைப் பிடித்து
மஞ்சள் தொப்பி மாட்டி
மலையுச்சியில் நிறுத்தியாயிற்று.
பாவம், அவனுக்கு ஐந்து.

'மூலத்துக்கு உண்மையாக இருப்போம்' என்றார் இயக்குநர்,
ஐந்து விரலையும் மடக்கி
மேசையில் குத்தி.

நொடிக்கு இருபத்து நான்கு சட்டகம்.
சட்டகத்துக்கு இரண்டு கை.
பெருக்கிப் பார்க்கவில்லை,
பயமாக இருந்தது.

விரலை எடுத்தால் ஓட்டை விழும்.
அது மறைத்திருந்ததை வரைய வேண்டும்:
கடிதத்தின் மூலை, கொஞ்சம் வானம்,
நாயின் காது.

அந்த விரலை எனக்குத் தெரியும்.
கடித்த நகம்.
கணுவில் பழைய தையல், எறும்பு வரிசை போல.
கழற்றிய மோதிரத்தின் வெளுத்த தடம்;
மூன்றாம் வாரப் படப்பிடிப்பில்
தடமும் வெயிலில் கருத்துவிட்டது.
என்ன நடந்ததென்று யாரிடம் கேட்க?
துடைத்தேன்.

பக்கத்து நாற்காலி ஜோவெல்லுக்குப் பள்ளத்தாக்கு.
தபால்காரன் விளிம்பைத் தாண்டியும் நடப்பான்;
குனிந்து பார்த்தால்தான் விழுவான்.
பார்க்காதவரை காற்று தாங்கும், அதுதான் சட்டம்.
நடிகனோ எடையுள்ளவன்.
கயிற்றில் தொங்கும்போது கழுத்து நரம்பு புடைக்கிறது.
கண் குனியும் முன்பே
முகம் விழத் தொடங்கிவிடுகிறது.
அதைச் சரிசெய்ய ஜோவெல்லிடம் கருவி இல்லை.

ரயிலில் கம்பியைப் பிடித்திருந்த கைகளை எண்ணினேன்.
எல்லோருக்கும் ஒன்று கூடுதலாக இருந்தது.

வீட்டில் நன்மாறன் என்னைச் சோதித்தான்.
'தொப்பி என்ன கலரு?'
மஞ்சள்.
'பையில எத்தனை பொத்தான்?'
மூணு.
'நீ சின்ன வயசுல பார்த்தப்பவும் இப்படியேவா?'

எங்கள் டிவியில் அவன் சாம்பல்.
தொப்பி இன்னொரு சாம்பல்.
'எலே, கீழ தரைய எங்கல காணோம்!' என்று
திருநெல்வேலித் தமிழில் கத்திக்கொண்டு விழுவான்.
மஞ்சள் என்று தெரிந்ததே
இந்த வேலையில் சேர்ந்த அன்று,
கோப்பில் நிறத்துக்கு எண் போட்டிருந்ததால்.
இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.

மார்ச்சில் சோதனைத் திரையிடல்.
அவன் கையசைத்ததும் குழந்தைகள் அழுதார்களாம்.
வெள்ளிக்கிழமை மின்னஞ்சல், ஒரே வரி:
விரல்களைத் திருப்பி வையுங்கள்.

துடைப்பதைவிட எளிது.
ஓர் அடுக்கை அணைத்தால் போதும்.
ஏழு மாதம், ஒரு சொடுக்கு.
வெளியூர் போய்த் திரும்பியவன் மாதிரி
நகம் கடித்தபடி வந்து நின்றது.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள்.
எனக்கு மணிக்கட்டில்.

மெட்ரோடவுனில் முதல் நாள், மாலைக் காட்சி.
நன்மாறன் எண்ணிக்கொண்டே பார்த்தான்.
'அஞ்சு இருக்கும்மா. ஏமாத்திட்டாங்க.'

கடைசியாக விழும்போது, பனிமூட்டம் மூடும் முன்
ஒரு கை மட்டும் மேலே தெரியும்.
அரை நொடி, பன்னிரண்டு சட்டகம்.
அங்கே மட்டும் அடுக்கை அணைக்க மறந்துவிட்டேன்.
மறந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நன்மாறன் பார்க்கவில்லை.
சிந்திய பாப்கார்னுக்காக அப்போது
குனிந்திருந்தான்.