இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

தாழையூத்துக் குவாரியின் ஏழாம் நம்பர் டம்பருக்கு
இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது
கோபம் வருகிறது என்று
புகார்ப் புத்தகத்தில் எழுதியிருந்தார் வண்டிமலையான்.
"இடிக்கி மேடம். பின்னாலேருந்து எவனோ
எட்டி மிதிச்ச மாதிரி."

சாட்சிக்கு ஒரு எலுமிச்சம்பழம்.
அவருக்குப் பெயர் கொடுத்த சாமிக்கு
வெள்ளிக்கிழமை கண்ணாடியடியில் வைத்தது.
லோடோடு மேடேறும் ஒவ்வொரு நடையும்
உருண்டு அவர் மடியில் விழுகிறது.
திங்கட்கிழமைக்குள் தோல் கன்றிப்போகிறது.

கேஜ் மாட்டினேன். லேப்டாப்பை முழங்காலில் வைத்து
பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.
சித்திரை. ஆயில் தொண்ணூறு டிகிரி,
வெளியே அதற்குக் கொஞ்சம் குறைவு.

உள்ளே தட்டுகள்,
ஒன்று ஒரு வேகம், அடுத்தது வேறு வேகம்,
நனைந்தபடி ஒரு தாள் கனம் தள்ளி நிற்கும்.
முதலில் பிஸ்டன் அந்தத் தாள் கனத்தை மட்டும் கடக்க வேண்டும்.
இரண்டு பார் போதும். தொட்டது தெரியக் கூடாது.
அப்புறம் ஐந்து, ஒன்பது, பதினெட்டு என்று ஏறலாம்.
எல்லாம் சேர்த்து அரை நொடி.
அதற்குள் ஒரு தட்டு தன் வேகத்தை விட்டு
மற்றதன் வேகத்துக்குப் பழகியாக வேண்டும்.

கன்னடியன் கால்வாயில் மடைப் பலகையை
ஒரே இழுப்பில் தூக்கினால்
வரப்பு என்ன ஆகுமோ, அது திரையில் கோடாக வந்தது.
சரிவு இருக்க வேண்டிய இடத்தில் சுவர்.
பழம் விழுந்தது.
"பாத்தியளா?" என்றார்.

சாஃப்ட்வேர்தான் என்றது ஆபீஸ்,
புனேவுக்கு மெயில் போட்டது.
நான் வால்வ் பாடியைக் கழற்றி
வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்தேன்.
சோலனாய்டு தன் பேச்சைச் சரியாகத்தான் பேசியிருக்கிறது.
கேட்க வேண்டிய வால்வ், சுண்டுவிரல் அளவு,
துளைக்குள் சிக்கி, திறந்த வாய் மூடாமல் நின்றது.
இடையில் ஒரு அலுமினியச் சீவல், இமைமயிர் நீளம்.
இடுக்கியில் பிடித்து ஃபோர்மேனிடம் காட்டுவதற்குள்
என் மூச்சிலேயே பறந்துபோனது.
அறுபது டன்னை உதைத்தது அதுதான் என்பதற்கு
இப்போது என்னிடம் ஆதாரம் இல்லை.

வால்வ் தன் எடையிலேயே
துளைக்குள் வழுக்கி இறங்கும்வரை துடைத்தேன்.
புது ஃபில்டர். புது ஆயில்.
மூன்றாம் நாள் முதல் நடை, கல் ஏற்றி.
கோடு தட்டையாக நின்றது, யோசித்தது, ஏறியது.

மேட்டின் பாதியில் வண்டிமலையான் திரும்பினார்.
"மூணு விழுந்துச்சா?"
விழுந்தாச்சு என்றேன்.
நம்பாமல் டேஷ்போர்டில் எண்ணைப் பார்த்தார்.
நாலு மாதமாக அவர் முதுகுதான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.
"ஒண்ணுமே நடக்காத மாதிரில்லா இருக்கு,"
ஏதோ குறைந்துபோன குரலில்.
பழத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஜாப் கார்டில் 'செய்த வேலை' என்று ஒரு கட்டம்.
மூன்று நாளை அதற்குள் எப்படி எழுத?
துடைத்தேன் என்று எழுதினேன்.