பதினேழாம் கதவு

ஒலொமோட்ஸ் நகரில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்,
பம்பு செய்யும் கம்பெனியில்
கதவுக்குப் பலகை மாட்டுவது என் வேலை.
பித்தளையில் தொடங்கினேன். இப்போது பிளாஸ்டிக்.
அடுத்தது காந்தத்தில் ஒட்டுவதாம்,
அடிக்கடி மாற்றத் தோதாக.

இரண்டாம் மாடியில் பதினேழாம் கதவு ஓக் மரம்.
அதில் இருபத்திரண்டு துளைகள்.
மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருக்கிறேன்;
கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது.

முதலில் பலகையே இல்லையாம்.
ப்ரோகெஷ் சகோதரர்களில் ஒருவர் வார்ப்பார், ஒருவர் விற்பார்.
ராத்திரி ஒரே மேசையில் சண்டை;
அதுதான் நிர்வாகக் கூட்டம்.
அரசாங்கம் வந்தது, சகோதரர்கள் போனார்கள்,
கதவுக்கு ஓர் எண் கிடைத்தது.

நான் சேர்ந்த ஆண்டில் மாட்டியது "கொள்முதல்".
வாங்குகிறவர்கள் ஒரு மாடி, விற்கிறவர்கள் ஒரு மாடி,
வார்க்கிறவர்கள் முற்றம் தாண்டிய கொட்டகை.
பழி மட்டும் படிக்கட்டில்
ஏறியிறங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஸ்டுட்கார்ட்காரர்கள் வாங்கினார்கள்.
இனி வேலைவாரியாக இல்லை, நாடுவாரியாக.
"கொள்முதல்" இறங்கியது, "போலந்து" ஏறியது.
போலந்துக்கு ஒருவர் வாங்கினார், ருமேனியாவுக்கு ஒருவர்,
ஒரே வால்வுக்கு மூன்று விலை.
நான்கு வருடம் கழித்து அதைக் கண்டுபிடித்தவருக்குப் பதவி உயர்வு.
"போலந்து" இறங்கியது, "சுரங்கப் பம்புகள்" ஏறியது.

பிறகு குறுக்கும் நெடுக்குமாக.
ஆளுக்கு இரண்டு மேலாளர்.
ஒருவர் எதைச் செய் என்பார், மற்றவர் எப்படிச் செய் என்பார்,
விடுப்பு கேட்டால் இருவரும்
ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.
அந்த வருடம் மட்டும் ஒரே கதவில் இரண்டு பலகை.

உள்ளே இருந்தவர் மாறவில்லை.
ஓட்டகர் ஷிம்பெரா. ஜன்னலோரம், ஒரு கள்ளிச்செடியோடு.
எங்கோ ஒரு சுரங்கத்தில் நள்ளிரவில் தண்ணீர் ஏறினால்
யாரும் பெட்டிகளும் கோடுகளும் போட்ட படத்தைத் தேடுவதில்லை,
ஓட்டகரைத்தான் எழுப்புகிறார்கள்.
ஒருமுறை ஏதோ படிவம் நிரப்ப என்னிடம் கேட்டார்:
"லிபுஷே, நான் எந்தப் பிரிவு?"
பலகையைப் பாருங்கள் என்றேன்.
சிரிக்காமல் எழுந்து போய்ப் பார்த்தார்.

போன மார்ச்சில் புதிய படம் வந்தது.
என் பெட்டி கோட்டுக்கு வெளியே.
கட்டடப் பராமரிப்பு இனி வெளியாள் கம்பெனிக்கு.
பிரிவு என்ற சொல்லின் இரண்டு அர்த்தத்தையும்
ஒரே கடிதத்தில் படித்தேன்.
என் அறைப் பலகையை நானே கழற்றினேன்.
திங்கட்கிழமை அதே வாசலில், அதே திருப்புளியோடு நுழைந்தேன்,
கழுத்தில் மட்டும் வேறு நிற அட்டை.
முன்பு சம்பளத்துக்குள் அடங்கியதற்கு இப்போது பில்:
பலகைக்கு முன்னூற்று நாற்பது கொருனா,
துளை அடைப்பது தனி.

முதல் பில்லுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்று
ஆறு வாரம் அங்கே யாருக்கும் தெரியவில்லை.
கடைசியில் ஓட்டகர் போட்டார்.
தனக்கு அதிகாரம் உண்டா என்று கேட்கவில்லை,
பேனா மையைத்தான் உதறிப் பார்த்தார்.

இந்த வாரம் பதினேழாம் கதவுக்கு ஆணை வந்திருக்கிறது.
ஸ்டுட்கார்ட்டில் யாரோ ஓர் இளைஞர் புதிதாகக் கண்டுபிடித்தாராம்:
வாங்குவதையெல்லாம் ஓரிடத்தில் வைக்கலாமே!

பித்தளைப் பலகையை நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை.
அடைப்பைக் குத்தியெடுத்தேன்.
முதல் துளைகளில் நூல் பிசகாமல் உட்கார்ந்தது "கொள்முதல்".

புதுப் பலகை என்றுதான் பில் போட்டேன்.