நற்கருணைப் பேழை

சாகனேயில் தேவாலயம் விற்றாயிற்று;
அடுத்த மாதம் உடற்பயிற்சிக் கூடம்.

சாமான் சுமக்க வந்த கிலேன்
பூசை கண்டதில்லை.
பனியில் லாரி சறுக்கினால்,
ஹாக்கியில் தோற்றால், காபி கொட்டினால்
வாயில் வருவது ‘தபர்னாக்!’
அப்பா வைததுதான்.
அவருக்கு அவர் அப்பா.

பாதிரிமார் படுக்கையறை வரைக்கும் கணக்குக் கேட்ட காலம்.
எதிர்த்துப் பேச வழியில்லை.
பீடத்தில் இருந்ததைத்தான்
ஒவ்வொன்றாய் எடுத்து எறிந்தார்கள்,
வாயால்.

இன்று அவன் கையிலிருந்து நழுவிக்
கால் பெருவிரலில் இறங்கியது
அந்தப் பித்தளைப் பேழை.
‘தபர்னாக்!’

‘அதேதான்’ என்றாள்
பட்டியல் எழுதும் ஒதீல், நிமிராமல்.

நொண்டிக்கொண்டே குனிந்தான்.
சின்னக் கதவு திறந்து கிடந்தது.
உள்ளே நைந்த வெள்ளைப் பட்டு,
செத்த ஈ ஒன்று.

‘இவ்வளவு சின்னதா?’
வலி மறந்து கேட்டான்.