பக்கக் கண்ணாடி

எனக்கு எழுபது.
இடது காலுக்கு ஐந்து.
பழைய கால் எந்த வருசம் போனதென்று
இங்கே யாரும் கேட்பதில்லை.
எல்லாரிடமும் ஒரு வருசம் இருக்கிறது.

வலது காலுக்கும் எழுபதுதான்.
கதை அதைப் பற்றியது.

மல்லாவி ஆசுப்பத்திரியில்
சீனி வருத்தக் கொப்பியை நீட்டினால்
நேர்ஸ் பிள்ளை எண்ணைப் பார்ப்பாள்,
பிறகு குனிந்து செருப்பைப் பார்ப்பாள்.
"ஐயா, உங்களிட்ட மிச்சம் ஒண்டுதான்."
அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.

அன்றிரவே
பழைய உழவு மிசினில் கழற்றி வைத்த
பக்கக் கண்ணாடியைத் தேடி எடுத்தேன்.
முப்பது வருசம்
பின்னால் நெல்லோடு வரும் பெட்டியைக் காட்டிய கண்ணாடி.
இப்போது படுக்கப் போகுமுன்
உள்ளங்காலைக் காட்டுகிறது.
வெடிப்பு, கொப்புளம், நெருஞ்சி முள்.
தொட்டால் அந்தக் காலுக்குத் தெரியாது,
அது பேச்சை நிறுத்தி இரண்டு வருசம்.
கண்தான் அதற்காக நோக வேண்டும்.

குரக்கன் பிட்டு அளவாக,
முருங்கையிலை வறை தாராளமாக.
பனங்கட்டியும் சீனிதான் என்று
அவள் சொன்ன அன்றுதான்
எனக்கு உண்மையில் வயது போனது.

கிணற்றில் இருபது வாளி, கையால்.
மகள் காசனுப்பி வாங்கிய மோட்டர்
பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.
சூரிச்சிலிருந்து கலைவதனி கேட்கிறாள்,
"அப்பா, வவுனியாவில நல்ல இல்லம் ஒண்டு இருக்கு,
பாப்பமா?"
நான் வாளியை ஆட்டி
சத்தத்தை அவளுக்குக் கேட்கவைப்பேன்.

ஆனால் ஒன்று நடந்தது. மறைக்கக் கூடாது.
போன மாரியில், நடுச்சாமம்,
காலைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு
கக்கூசுக்குக் கெந்திக் கெந்திப் போகையில் விழுந்தேன்.
எலும்பு முறியவில்லை.
எழும்பத்தான் முடியவில்லை.
குளத்துப் பக்கம் தவளைகள் கத்தி ஓய்ந்து
விடிந்து வெயில் ஏறி
ஆடு பசியில் கதறிய பிறகுதான்
அடுத்த வளவு மனோன்மணி வேலியால் எட்டிப் பார்த்தாள்.

தனியாக இருப்பது வேறு,
தனியாக விழுந்து கிடப்பது வேறு.

கட்டிலிலிருந்து கக்கூசு வரை
சுவரோடு இரும்புக் குழாய் ஒட்டினேன், வெல்டிங் என்னுடையது.
மனோன்மணியோடு ஒரு பேச்சும் முடித்தேன்:
விடிந்ததும் வேலிக் கதியாலில்
நான் மஞ்சள் வாளியைக் கவிழ்ப்பேன்,
அவள் பச்சை வாளியை.
ஆறரைக்குக் கவிழாவிட்டால்
மற்றவர் வர வேண்டும்.
மகளுக்கு இதைச் சொன்னபோது
நெடுநேரம் பேசாமல் இருந்தாள்,
பிறகு, "என்ன நிற வாளி?" என்றாள்.

போன செவ்வாய்
பச்சை வாளி கவிழவில்லை.
ஆறரை. ஆறே முக்கால்.
ஓடினேன்.
எழுபதும் ஐந்தும் சேர்ந்து எப்படி ஓடியதோ தெரியாது.
கதவு திறந்து கிடந்தது, அடுப்பில் நெருப்பில்லை,
கூப்பிட்டேன், சத்தமில்லை.

பின்வளவில் ஏணியில் நின்று
முருங்கை ஒடித்துக்கொண்டிருந்தாள்,
அறுபத்தாறு வயதில், காதில் பாட்டு வயரோடு.
"வாளியை மறந்திட்டன், அதுக்கேன் இப்பிடிக் கத்துறியள்?"
நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.
இறங்கி வந்து
ஒரு கட்டு இலையைக் கையில் திணித்தாள்.

இரவு கண்ணாடி சொன்னது:
பெருவிரலுக்குக் கீழே கருவேல முள்,
சுற்றிவரச் சிவப்பு.
செருப்பில்லாமல் ஓடியிருக்கிறேன்.

மிதிக்கக் கூடாது, பெடலும் உழக்கக் கூடாது.
புதன் காலை
அவள் சைக்கிள் கரியரில் நான்,
மல்லாவிச் சந்தியில் கடைக்காரர் எல்லாம் பார்க்க.
ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்,
"நல்லாப் பாரம் கூடிட்டியள்."
"பொய். போன மாதத்தைவிட
ரண்டு கிலோ குறைவு.
கொப்பியில இருக்கு."