எத்தனை கோட்டு

மார்ச் கடைசியில் ஆறாம் நம்பர் அறை காலியானது.
தன்பாத்காரர்கள். சாவியை மேசையில் வைத்துவிட்டு
காட்பாடியில் ரயிலுக்கு நேரமாகிறதென்று
ஆட்டோ ஏறினார்கள்.
ஒரு நாள் சும்மா கிடந்தால் நானூற்றைம்பது ரூபாய் நட்டம்.
ஆகவே சுரண்டவில்லை.
சோப்புத் தண்ணீரில் கழுவவில்லை.
பிரைமர் என்பது கம்பெனிக்காரன்
பிழைக்கக் கண்டுபிடித்தது என்று
கன்னியப்பனிடம் நானே சொன்னேன்.

"எத்தினி கோட்டு சார்?"
"ஒண்ணு போதும்."
பீடியை நசுக்கிக் காதில் செருகிக்கொண்டு
பக்கெட்டைத் திறந்தான்.

நிறம் தேர்ந்தது லாங்கு பஜாரில்,
கடையின் டியூப்லைட்டில்,
தீப்பெட்டி அளவு அட்டையில்.
அட்டையில் அது இளநீர் வழுக்கை.
நான்கு சுவரிலும் ஏறியபின்
ஆஸ்பத்திரி வராந்தா.
தோட்டப்பாளையத்தில் அறை எடுப்பவர்கள்
அதிலிருந்து தப்பித்து வந்து
தூங்கத்தானே எடுக்கிறார்கள்.
"ஒரு முழம் செவுருல பூசி
காலீல ஒருவாட்டி சாயங்காலம் ஒருவாட்டி
பாத்துருக்கலாம்" என்றான்
மூன்றாவது சுவரை முடித்துவிட்டு.

பதினெட்டாம் நாள்
கட்டிலுக்கு மேலே ஒரு வட்டம் வந்தது.
பிறகு பக்கத்தில் இன்னொன்று.
தலைகள்.
பன்னிரண்டு வருடமாய் அங்கே சாய்ந்து
ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த தலைகள்.
கடுகெண்ணெய், தேங்காயெண்ணெய், ஏதோ மூலிகைத் தைலம்.
உயரத்தில் ஒன்று, அதன் தோளருகே
சின்னதாய் ஒன்று.
எண்ணெய்மேல் எதுவும் ஒட்டாதென்று
எனக்குத் தெரியாதா.

சுவிட்ச் பலகையோரம்
பால்பாயிண்ட் நீலம் மேலேறி வந்தது.
ஐந்தைந்தாய்க் கட்டிய கோடுகள்.
ஐந்து கட்டு, இரண்டு உதிரி.
சிலருக்குக் கரண்டு வைப்பது முப்பத்து மூன்று நாள் என்று
எங்கள் தெருவில் இட்லி விற்பவளும் சொல்வாள்.
மீதி ஆறு எங்கே?
பதிவேட்டைப் புரட்டினேன்.
பெயர் இருந்தது, ஊர் இருந்தது, வந்த தேதி இருந்தது.
போன காரணம் எழுத
அதில் கட்டம் இல்லை.

வெளிச்சுவர் கதை வேறு. மேற்குப் பார்த்தது.
உள்ளே பூசி மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று
அங்கே அடிக்கச் சொன்னேன்,
மே மாதம், பகல் பன்னிரண்டுக்கு, வேலூரில்.
ரோலர் திரும்பி வருமுன் காய்ந்துவிட்டது.
கொஞ்சம் பற்றாமல் போய்
அதே நம்பரில் இன்னொரு டப்பா வாங்கினேன்,
அது அதே நிறமில்லை.
ஐப்பசி மழைக்கு எல்லாம் மாவாய் உதிர்ந்தது.
சாய்ந்து நின்று கையெழுத்து வாங்கிய கூரியர் பையனின்
முதுகோடு போனது என் சுவர்.
மாடித் தொட்டி ஒழுகிய இடத்தில் மட்டும்
உப்பு, பூத்துப் பூத்து.

தையில் மறுபடி கன்னியப்பன்.
இந்த முறை நான் வாய் திறக்கவில்லை.
தொட்டியை அடைத்து மூன்று வாரம் காயவிட்டான்.
உப்பைத் துடைத்தான், உப்புத்தாள் போட்டான்.
வெளிக்கு வெளிப் பெயிண்ட்,
எல்லா பக்கெட்டையும் கலந்து ஒரே டிரம்மில்.
காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்குமேல் கிழக்கு:
நிழலைத் துரத்திக்கொண்டே வேலை செய்தான்.

உள்ளே தலைகளைக் கழுவினான்.
சோப்பு நுரை பழுப்பாய் இறங்கியது.
சுவிட்ச் பலகையிடம் வந்து நின்றான்.
"இதுவும் தான சார்?"
"இதுவும்தான்."
கரை அடைக்கும் பிரைமரைத் தொட்டுவிட்டு
திரும்பாமலே கேட்டான்:
"எத்தினி கோட்டு?"
"இருபத்தேழு" என்றேன்.

பிரஷ் அந்தரத்தில் நின்றது.
"பெயிண்டு சார்."
"ரெண்டு. ரெண்டு அடி."

இப்போது அங்கே அசன்சோலில் இருந்து ஒரு தாயும் மகனும்.
முதல் நாளே பேனா கேட்டார்கள்.
கொடுத்தேன், கூடவே
கட்டம் பெரிதாயிருக்கும் காலண்டர் ஒன்றும்.
அதை மாட்ட நான் அடித்த ஆணியில்
புதுப் பட்டி உள்ளங்கை அகலம் பெயர்ந்து விழுந்தது.
கன்னியப்பனுக்கு இன்னும் சொல்லவில்லை.